சுயசாகுபடி

கடவுள் துணை
ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். நீயும் உன் வீட்டில் அவளும் நன்றாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். உன் அத்தான் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் கேட்பார், கேட்டதையே மூன்று நாள் பேசுவார். அதனால் கடிதம்.

போன மாதம் விழுந்த ஆலங்கட்டி மழை உங்கள் ஊரில் விழவில்லை என்று சொன்னாய். இங்கே கால் மணி நேரம்தான் விழுந்தது. நம் நாலு ஏக்கரில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயம். விட்டதும் போய்ப் பார்த்தேன். யாரோ ஆள் வைத்து அடித்த மாதிரி ஒவ்வொரு தட்டையும் முழங்கால் உயரத்தில் ஒடிந்து கிடந்தது. நம் குத்தகைக்காரர், ஊரே "அப்புறம்" என்று கூப்பிடுகிற அந்த மனுஷர், வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னங்க செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். "அப்புறம் பாத்துக்கலாம்கா" என்றார். அந்தச் சமயத்திலும் அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

இப்போது விஷயம். சேதமான பயிருக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது என்று அவர் நீ வேலை பார்க்கிற விவசாய ஆபீசுக்கு வந்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். அந்த நிலத்தில் நிலத்துக்காரரே பயிர் செய்கிறார் என்று இருக்கிறதாம். மறுநாள் அவர் சம்சாரம் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்க வீட்டுக்காரர் பேருல சுயசாகுபடின்னு இருக்காமேக்கா? அவரால எந்திரிச்சு உக்காரவே முடியாதே, எப்படி உழுதாரு?" என்று கேட்டாள். சண்டை போடவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். எனக்குத்தான் முகம் எரிந்தது. இன்னொன்றும் சொன்னாள். "உங்க தம்பி அங்கதான் உக்காந்திருந்தாராம். இவரைப் பாத்ததும் குனிஞ்சவரு நிமிரவே இல்லையாம்." அது மெய்யா?

உன் அத்தானுக்குக் கை கால் விழுந்த வருஷம் நீ அந்த மானியப் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வைக்கச் சொன்னாய். சாகுபடி வகை என்று ஒரு கட்டம். அதில் மூன்று வார்த்தை. சுயசாகுபடி, குத்தகை, பங்கு. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நீ தூக்கிப் போட்ட புத்தகங்களை அடுப்படியில் வைத்து எழுத்துக் கூட்டினவள். சுயம் என்றால் சொந்தம். நிலம் நம் சொந்தம், அதில் சாகுபடி நடக்கிறது, ஆக சுயசாகுபடி என்று அந்தக் கட்டத்தில் குறி போட்டேன். குத்தகை என்பது, நாம் அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தால் போடுவது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி. வருஷா வருஷம் இருபத்து நாலாயிரம் வந்தது. நிலத்துக்கு அரசாங்கம் தருவது என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

நேற்று உன் அத்தான் கணக்கில் எழுபத்திரண்டாயிரம் விழுந்திருக்கிறது. ஒடிந்து கிடந்த பயிருக்கு. குத்தகைக்காரர் பயிருக்கு.

என்ன செய்தால் சரியாகும் என்று எழுது. நான் எங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாலும் வருகிறேன்.

அக்கா

•

ஜூன் 11

அக்கா,

உன் கடிதம் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. இனிமேல் வீட்டுக்கு எழுது. கவரைப் பிரித்து வைத்திருந்தார்கள். யார் என்று கேட்கக்கூட முடியவில்லை.

சுயசாகுபடி என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரன் தானே உழுது தானே விதைப்பது. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு வார்த்தை போனில் கேட்டிருக்கலாம். உனக்குப் புரியாததை உனக்குப் புரிந்த மாதிரி படிக்கிற பழக்கம் உனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் முழுப்பழியையும் உன் தலையில் போட மாட்டேன். நீ குறி போட்டதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் விட்டேன். குத்தகை என்று போட்டால் பத்திரம் கேட்பார்கள். அந்த ஆள் பத்திரம் எழுதக் கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். அத்தான் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். மருந்துக்காவது ஆகட்டும் என்று நினைத்தேன். அதை நீ தப்பு என்று சொன்னால் சொல்லிக்கொள்.

அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது. "கள ஆய்வு செய்து நேரில் உறுதி செய்தேன்." கள உதவியாளன் வயலில் நின்று பார்த்துவிட்டுப் போட வேண்டிய கையெழுத்து அது. முதல் வருஷம் நான் வந்த அன்று மழை என்று ஞாபகம் இருக்கிறதா? கிளம்பினவனை, "சேறு முழங்கால் வரைக்கும் இருக்குடா, புது ஷூ வேற போட்டிருக்கே, உக்காந்து சாப்பிடு" என்று உட்கார வைத்தது யார்? சாப்பிட்டுவிட்டு உன் வீட்டு மேஜையிலேயே போட்டேன். அடுத்த மூன்று வருஷம் ஆபீசிலேயே போட்டேன்.

ஆமாம், நான் நிமிரவில்லை. நிமிர்ந்து என்ன சொல்ல?

நீ எங்கேயும் வந்து கையெழுத்துப் போட வேண்டாம். போட்டால் நாலு வருஷப் பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். என்னைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அவருக்கு ஏதாவது உதவி மாதிரிக் கொடு. பத்தாயிரம் கொடு. பேச்சை முடி.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி

•

கடவுள் துணை
ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

கிழித்துவிட்டேன். படித்தது மனசில் இருக்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

உன் அத்தானிடம் பேசினேன். மாத்திரை கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். அவர், "நிலம் யாருது?" என்றார். "நம்மளுது." "வரி யார் கட்டறா?" "நாம." "அப்ப பணம் யாருது?" நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். "கையெழுத்து வேணா நீ போடலாம். பேங்குல என் கட்டை விரல்தான் வேணும். அதுல மட்டும்தான் எனக்கு இன்னும் உயிர் இருக்கு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மனுஷர் சிரித்துப் பார்த்து மாசக் கணக்காயிற்று, அதுவும் இதற்காகவா என்று இருந்தது.

என் கையில் இருந்த எட்டாயிரத்தை எடுத்துக்கொண்டு அப்புறத்தின் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. பவர் டில்லரை மட்டும் வெளியே தகரம் போட்டு, தார்ப்பாய் சுற்றி, பிள்ளையைப் படுக்கவைத்த மாதிரி வைத்திருக்கிறார். கடன் சங்கத்தில் வாங்கினது. இன்னும் இரண்டு வருஷத் தவணை பாக்கி.

"இது என்னக்கா?" என்றார்.

"ஒரு உதவிதான்."

"உதவின்னா வாங்கிக்கறேன். வேண்டாம்னு சொல்ற நிலைமையில நான் இல்லை. ஆனா என் பேரு?"

எனக்குப் புரியவில்லை. அவர் சம்சாரம்தான் விளக்கினாள். நிவாரணப் பட்டியலில் பேர் இருந்தால் பாதிப்புச் சான்று கொடுப்பார்களாம். அதைக் காட்டினால் கடன் சங்கம் ஒரு வருஷத்துக்குத் தவணை கேட்காதாம். இல்லாவிட்டால் மூன்றாவது தவணை தவறினதும் டில்லரைத் தூக்கிவிடுவார்களாம். டில்லர் போனால் நம் நிலத்தை மட்டுமில்லை, அவர் வாடகைக்கு உழுது கொடுக்கிற பத்துப் பேர் நிலத்தையும் உழ முடியாது. "எழுவத்திரண்டாயிரத்தை நீங்களே வச்சுக்கங்கக்கா. அந்தக் காகிதம் மட்டும் வாங்கிக் குடுங்க" என்று சொன்னாள். அவர் அவளை அதட்டினார். "சும்மா இரு, அவங்க என்ன செய்வாங்க" என்று எனக்காகப் பேசினார்.

பட்டியலில் ஆட்சேபம் சொல்ல ஜூலை 15 வரை கெடு இருக்கிறதாமே. நிலத்துக்காரர் தரப்பில் எழுதிக் கொடுத்தால் பெயரை மாற்றுவார்களாமே. இதை நீ எனக்கு எழுதவில்லை.

உனக்குத் தெரியாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன். உன் வேலை போகாமல் அவர் பெயர் ஏற ஒரு வழி சொல். நீ அங்கேயே இருக்கிறவன். ஏதாவது ஒரு வழி இல்லாமலா போகும்?

அக்கா

•

ஜூன் 26

அக்கா,

வழி இல்லை. இருந்தால் சொல்ல மாட்டேனா?

பெயர் மாறினால் ஏன் மாறியது என்று கேட்பார்கள். சுயசாகுபடி என்று உறுதி செய்தவன் யார் என்று புரட்டுவார்கள். அந்த இடத்தில் என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் நிலத்துக்காரரின் மனைவி என்று உன் கையெழுத்து. இரண்டு பேருக்கும் அப்பா பெயர் ஒன்று. வேறு என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு?

பதினோரு வருஷம் தற்காலிகம். உனக்குத் தெரியாது, ஒவ்வொரு மார்ச் மாதமும் சீட்டுக் கிழிந்துவிடுமோ என்று நாங்கள் இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்போம். போன வருஷம்தான் நிரந்தரம் ஆயிற்று. அதை நம்பி இப்போதுதான் குழந்தை என்று தைரியம் வந்திருக்கிறது. ஆறாவது மாதம். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்படி எழுத வைத்துவிட்டாய்.

அவளிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "உங்க அக்காவுக்கு ஊருக்குள்ள நல்லவங்கன்னு பேர் வேணும். அதுக்கு நம்ம சோத்துல கை வைக்கணுமா?" என்று கேட்டாள்.

ஒன்று செய்கிறேன். அடுத்த போகம் புதுப் பட்டியல் போடும்போது அவர் பெயரை நானே ஏற்றுகிறேன். புதுக் குத்தகை என்று காட்டினால் பழசை யாரும் கிளற மாட்டார்கள். சத்தியமாகச் செய்கிறேன். ஆறு மாதம்தானே. அவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல். வாழ்க்கை முழுக்க அப்புறம் அப்புறம் என்றுதானே சொன்னார், இந்த ஒரு தடவை நமக்காகச் சொல்லட்டும்.

மீறி நீ எழுதிக் கொடுத்தால் எனக்கு அக்கா இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தம்பி

•

ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

மேலே "கடவுள் துணை" என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். கை வரவில்லை.

நேற்றோடு கெடு முடிந்தது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. நீ நிம்மதியாக இரு.

மனு எழுதி வைத்திருந்தேன். நாலு தடவை எழுதி, தப்பில்லாமல் ஐந்தாவது தாளில் வந்தது. திங்கட்கிழமை அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்கம்மா, யாருக்காக நிக்கறீங்க?" என்றார். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அடுத்ததும் வந்தது. பிறக்கப் போகிற பிள்ளையை நினைத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறத்திடம் அடுத்த போகம் கட்டாயம் பெயர் ஏறும், தம்பி சத்தியம் செய்திருக்கிறான் என்று சொன்னேன். அவர் தகரத்தைப் பார்த்துக்கொண்டே, "சரிக்கா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் சம்சாரம் உள்ளே இருந்து வரவே இல்லை.

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வாய் மட்டும் ஓடுகிறது. ஏன் என்று தெரியாமல் இல்லை.

அவளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். எடை தூக்க விடாதே.

அக்கா

•

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

நீயும் கேள்விப்பட்டிருப்பாய். யார் சொல்லி எப்படிக் கேட்டாயோ தெரியாது. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

போன மாதக் கடைசித் திங்கள் கடன் சங்கத்து ஆட்கள் வந்து டில்லரை லாரியில் ஏற்றிப் போனார்கள். ஏற்ற முடியவில்லை என்று அவரையே ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் பிடித்திருக்கிறார். புதன்கிழமை நம் வயல் மோட்டார் அறையில் விழுந்து கிடந்தார். நான்தான் முதலில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். வெள்ளிக்கிழமை போய்விட்டார். அது எப்படி, எதனால் என்று எழுத மாட்டேன். உனக்கே தெரியும்.

சனிக்கிழமை மரண விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை, குரல் உயர்த்தவில்லை. நானும் அங்கேதான் நின்றேன். இறந்தவர் சம்சாரத்தைக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன தொழில்?"

"விவசாயம்."

கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "இதுல அவர் பேர் இல்லையேம்மா. எந்த நிலம்?"

அவள் நம் நிலத்தைக் கையால் காட்டினாள். அங்கேயிருந்து பார்த்தால் தெரியும்.

"அது இவங்க சுயசாகுபடி நிலம். அப்ப உங்க வீட்டுக்காரர் அங்க வேலை செஞ்சாரா? கூலின்னு போட்டுக்கறேன்."

விவசாயி என்று இருந்தால் குடும்பத்துக்கு அரசாங்கத்தில் ஏதோ தொகை உண்டாம். கூலி என்றால் இல்லையாம். அதைக்கூட விடு. அந்தப் பெண் "கூலி" என்று அவர் எழுதுகிற பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "பத்துப் பேருக்கு உழுது குடுத்தாருங்க" என்று மட்டும், யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

நான் சொல்லிவிட்டேன் தம்பி. "அவர் கூலி இல்லைங்க. நாலு வருஷமா அவர்தான் பயிர் வச்சாரு. நாங்க குத்தகை வாங்கினோம். படிவத்துல தப்பா எழுதினது நான்" என்று சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வீட்டுக்குப் போய் என் நோட்டை எடுத்து வந்து காட்டினேன். குத்தகை மூட்டை வந்த தேதி எல்லாம் அதில் இருக்கிறது. பன்னிரண்டு, பன்னிரண்டு, ஒன்பது, பன்னிரண்டு.

உன் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் உன் கையெழுத்து அங்கே இருக்கிறது.

உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன் என்று சொன்னேன். கேட்காமல் செய்துவிட்டேன். ஒரு மாதம் முன்னால் கேட்காமல் செய்திருந்தால் அவர் இருந்திருப்பார். இந்த இரண்டில் எது பெரிய தப்பு என்று யோசிக்கிற தெம்பு எனக்கு இப்போது இல்லை.

அக்கா

•

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நேற்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 4 விசாரணை. உங்களுக்கும் தபால் வரும். அத்தான் வர முடியாது என்பதால் நீங்கள்தான் வர வேண்டும்.

நீங்கள் செய்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரு மனிதர் செத்துப் போயிருக்கிறார். எனக்கும் தூக்கம் இல்லை. இங்கே கவுண்டரில் வந்து நின்றபோது அவர் சட்டையின் மேல் பட்டன் மாறிப் போட்டிருந்தது. அதைக்கூடச் சொல்லாமல் குனிந்துகொண்டேன். நினைப்பு அங்கேயே போய் நிற்கிறது. ஆனால் செத்தவர் திரும்பி வரப் போவதில்லை. இங்கே நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கவனமாகப் படியுங்கள்.

நான் வயலுக்கு வந்தேன் என்று சொல்லுங்கள். நான் வந்து பார்த்தபோது அங்கே ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். கூலிக்கு வந்த ஆள் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் நம்பினேன். அவ்வளவுதான். அப்படி இருந்தால் அது என் பக்கம் ஏமாந்தது ஆகும், கண்டிப்போடு விடுவார்கள். வயலுக்கே வரவில்லை என்றால் பொய்ச் சான்று. வேலை போகும், அதற்கு மேலும் போகும்.

உங்களுக்கு இதனால் கூடுதலாக ஒன்றும் ஆகாது. தப்பாக எழுதினது நான்தான் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதோடு இந்த ஒரு வார்த்தை. பணத்தைத் திருப்பிக் கட்ட நானும் மாதா மாதம் தருகிறேன்.

நான் அப்படித்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் வேறு மாதிரிச் சொன்னால் அதோடு முடிந்தது.

தம்பி

•

செப்டம்பர் 6

தம்பிக்கு,

நடந்ததை உனக்கு வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் முழுக்க என்னை "நீங்கள்" என்று எழுதியிருந்தாய். முதலில் வேறு யாருக்கோ எழுதினது தவறி எனக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

விசாரணை அன்று வராண்டா பெஞ்சில் நீ அந்த ஓரம், நான் இந்த ஓரம். நடுவில் உன் பை. நீ முகம் மழிக்காமல் வந்திருந்தாய். சாப்பிட்டாயா என்று கேட்க இரண்டு தடவை வாயைத் திறந்தேன். உன்னை முதலில் கூப்பிட்டார்கள். நீ வெளியே வந்து என்னைத் தாண்டி நடந்து போனாய். என்ன சொன்னாய் என்று உன் நடையிலேயே தெரிந்தது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒரு அம்மா, ஒரு பெரியவர். உன் வாக்குமூலத்தை அந்த அம்மா வாசித்தார். "வயலுக்குச் சென்றேன். அங்கு ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். கூலியாள் என்று என் சகோதரி கூறினார்." வாசித்துவிட்டு, "இது சரியாம்மா?" என்றார்.

நான் அந்த அறைக்குள் போகிற வரை என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. வழியெல்லாம் "ஆமாம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், "யாரோட பேசறீங்க?" என்றுகூடக் கேட்டாள். ஒரே வார்த்தைதானே, என் பிள்ளை மாதிரி வளர்ந்தவனுக்கு என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா "கூலியாள்" என்று வாசித்ததும், அந்தப் பெண் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது அவர் பெயரை நான்தான் அழித்தேன். செத்த பிறகும் என் வாயாலேயே அழிக்கச் சொன்னால் எப்படியடா?

"அவன் வயலுக்கு வரலைங்க" என்றேன்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லைங்க. ஆனா அதுக்கும் நான்தான் காரணம். மழைங்க. சேறுன்னு சொல்லி நான்தான் உக்கார வச்சேன். அவன் கிளம்பினான். அதையும் எழுதிக்குங்க."

"அதை எழுத இதுல இடம் இல்லைம்மா" என்றார் அந்த அம்மா. கேலியாகச் சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

என் நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார்கள். குத்தகை வாங்கினதற்கு அது ஆதாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு வருஷ மானியமும் நிவாரணமும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் மூன்று மாதத்தில் கட்ட வேண்டும். "அப்ப அந்த வீட்டுக்கு விவசாயின்னு மாத்திக் குடுத்துருவீங்களா?" என்று கேட்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்குப் பதிவான குத்தகைப் பத்திரம் வேணும்மா. இது வீட்டு நோட்டு."

"இதை வச்சுத்தானே எங்ககிட்ட பணம் கேக்கறீங்க?"

"அது வேற பிரிவும்மா" என்றார்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன். என்னால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது.

உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. மாத்திரையை நீட்டினால் வாயைத் திறக்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு ஏக்கரை விற்கத் தரகருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மீதி மூன்று ஏக்கரை அந்தப் பெண் இந்தப் போகம் கையாலேயே கொத்தி விதைக்கிறாள். அதற்கு மட்டும் அவர் தடை சொல்லவில்லை. இந்தத் தடவை பத்திரத்துக்குத் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் கட்டை விரலுக்குத்தான் காத்திருக்கிறேன். தினமும் மை டப்பாவைக் கொண்டுபோய் வைக்கிறேன். தினமும் எடுத்து வருகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதவில்லை. அவளுக்கு வலி கண்டால் யார் வழியாகவாவது எனக்கு ஒரு வார்த்தை வந்தால் போதும். இங்கிருந்தே பிரார்த்தனை செய்வேன். இப்போது மறுபடி செய்ய முடிகிறது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா

•

அக்டோபர் 12

அக்கா,

பெண் குழந்தை. மூன்றாம் தேதி பிறந்தது. இருவரும் நலம். இதற்காக மட்டும் எழுத உட்காரவில்லை.

போன மாதம் முப்பதாம் தேதி உத்தரவு வந்துவிட்டது. என்ன உத்தரவு என்று எழுத வேண்டாம் இல்லையா. சாமான்களை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு டம்ளர், ஒரு குடை. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கே போகிறது என்று பார்த்து ஏறவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்துத்தான் ஏறினேன்.

உன் வயலுக்கு வந்தேன். வீட்டுக்கு வரவில்லை.

நாலு ஏக்கர் என்று நான்கு வருஷம் எழுதினேன். அது இவ்வளவு நீளம் என்று தெரியாது. வரப்பிலேயே நடந்து கிணறு வரை போனேன். மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. முக்கால்வாசி நிலம் கொத்தியிருந்தது. மீதியில் பழைய தட்டை அப்படியே மடங்கி நின்றது. அந்தப் பெண் தனியாகக் கொத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவளை நான் பார்த்ததில்லை. அவளும் என்னைப் பார்த்ததில்லை.

"யாருங்க? வேலை கேட்டு வந்தீங்களா?" என்றாள்.

குடையும் டம்ளரும் கையில் இருந்ததைப் பார்த்து வெளியூர் ஆள் என்று நினைத்திருப்பாள்.

"கூலி குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க. அந்தப் பக்கம் ரோட்டுக்கு மேல கேட்டுப் பாருங்க. அங்க ஆள் எடுக்கறாங்க" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, "தண்ணி வேணும்னா அந்தக் குடத்துல இருக்கு" என்றாள்.

குடித்தேன். அவள் சொன்ன பக்கமே நடந்து ரோட்டுக்கு ஏறினேன்.

நான் யார் என்று அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

தம்பி